வாக்குகளை எண்ணி எல்லை வரையாதீர்கள்: தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு மக்களின் வாக்குகளால் மக்களவைக்குச் சென்றிருக்கும் 39 உறுப்பினர்களுக்கும், மாநிலங்களவையில் இம்மாநிலத்தின் பெயரால் அமர்ந்திருக்கும் 18 உறுப்பினர்களுக்கும்,

2021 ஜூலையில், புதிதாகப் பொறுப்பேற்ற ஒன்றிய இணையமைச்சர் ஒருவரைப் பற்றிய அதிகாரபூர்வக் குறிப்பில், அவருடைய ஊரைச் சொல்ல வேண்டிய இடத்தில் 'கொங்கு நாடு' என்று இருந்தது. அடுத்த சில நாட்களிலேயே, மேற்கு மாவட்டங்களைத் தமிழ்நாட்டிலிருந்து பிரித்து ஒன்றிய ஆட்சிப்பகுதியாக்கும் யோசனை இருப்பதாகச் செய்தி வெளியானது. ஆகஸ்ட் மாதம் மக்களவையில் கேள்வி எழுந்தபோது, அப்படியொரு முன்மொழிவு எதுவும் பரிசீலனையில் இல்லை என்று உள்துறை இணையமைச்சர் பதிலளித்தார். நீங்கள் அந்தப் பதிலோடு நிறைவடைந்துவிட்டீர்கள். 'பரிசீலனையில் இல்லை' என்பது அன்றைய நிலையைச் சொல்லும் பதிலே தவிர, நாளைக்கான உறுதிமொழி அன்று. அதைக் கேட்டுப் பெற வேண்டிய இடத்தில் நீங்கள் இருந்தீர்கள், கேட்கவில்லை. 2026 சட்டமன்றத் தேர்தல் நெருங்க நெருங்க எங்கள் பக்கத்தில் அதே பேச்சு மறுபடியும் எழுவதால்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

நான் ஈரோடு மாவட்டத்தைச் சேர்ந்தவன். அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பணியில் இருந்த காலமெல்லாம் தேர்தல்தோறும் வாக்குச்சாவடிப் பணிக்கு அனுப்பப்பட்டவன் என்பதால், வாக்கு எனும் பொருள் எவ்வளவு எளிதில் இடம் மாறக்கூடியது என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். மாநிலத்தைப் பிரிப்பது பற்றி எங்கள் ஊரில் பேசுகிறவர்கள் மொழியைப் பற்றியோ வரலாற்றைப் பற்றியோ அதிகம் பேசுவதில்லை. ஒரு தாளில் மாவட்டங்களின் பெயர்களை எழுதி, எதிரே கடந்த தேர்தலில் எந்த அணிக்கு எத்தனை தொகுதி என்று குறித்து, அடியில் கூட்டுத்தொகை போடுகிறார்கள். "கரூரை விட்டுவிடலாம், தருமபுரியைக் கட்டாயம் சேர்க்க வேண்டும்" என்று ஒரு கட்சிக்காரர் என் முன்னிலையிலேயே சொன்னார். கரூர் பழைய கொங்கு தேசத்துக்குள்ளேயே இருந்த ஊர் என்பதும், தருமபுரி தகடூர் என்ற பெயரில் தனி வரலாறு கொண்ட நிலம் என்பதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. அந்தத் தாளில் அவற்றுக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

அவர் போட்ட கணக்கை நானும் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் மொத்தமுள்ள 234 தொகுதிகளில் திமுக அணி 159, அதிமுக அணி 75 வென்றன. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், கரூர், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஒன்பது மாவட்டங்களை மட்டும் தனியே எடுத்தால் 61 தொகுதிகள். அவற்றில் அதிமுக அணிக்கு 41, திமுக அணிக்கு 20. மீதமுள்ள 173 தொகுதிகளிலோ திமுக அணிக்கு 139, அதிமுக அணிக்கு 34. அதாவது சென்னையிலுள்ள சட்டமன்றத்தில் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான இடங்களோடு எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்த அணி, மேற்கே ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்கு இப்பால் மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு ஆளும் அணியாகிவிடுகிறது. கோட்டுக்கு அப்பால் மற்றொரு அணிக்கு எதிர்ப்பே ஏறத்தாழ இல்லாமல் போகிறது. யாரும் மனம் மாறவில்லை, யாரும் புதிதாக வாக்களிக்கவில்லை. கோடு மட்டும்தான் புதிது.

கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும் விதம் இதைவிடவும் கவனிக்கத்தக்கது. கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், கரூர் என்று ஆறு மாவட்டங்களோடு நிறுத்திக்கொண்டால் 39 தொகுதிகளில் அதிமுக அணிக்கு 23. பெரும்பான்மை உண்டு, ஆனால் நான்கு பேர் அணி மாறினால் ஆட்சி கவிழும். சேலம் மாவட்டத்தைச் சேர்த்தால் 50-க்கு 33. தருமபுரியின் ஐந்து தொகுதிகளும் அந்த அணிக்கே கிடைத்தவை. அதையும் சேர்த்தால் 55-க்கு 38. கரூரின் நான்கு தொகுதிகளும் திமுகவுக்குப் போனவை. அதைக் கழற்றிவிட்டால் 51-க்கு அதே 38. எனவே 'கொங்கு நாடு' எது என்ற கேள்விக்கு அந்தத் தாளில் கிடைக்கும் விடை நிலத்திலிருந்து வருவதன்று. கூட்டுத்தொகை பிடித்தவுடன் அந்த நாட்டின் எல்லை முடிவாகிவிடுகிறது.

இந்தக் கணக்கை ஒரு கட்சியின் மீது குற்றமாகச் சுமத்த நான் எழுதவில்லை. நாளைக்கு வடமாவட்டங்களையோ தென்மாவட்டங்களையோ வைத்து வேறொரு கட்சி இதே தாளை எடுத்து வேறு கூட்டுத்தொகை போடலாம். தமிழ்நாட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று பாமக நிறுவனர் மருத்துவர் ராமதாஸ் பல ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கிறார். நிர்வாக வசதியை அவர் காரணமாகக் காட்டுகிறார். நிர்வாக வசதி என்ற வாதத்துக்கு மதிப்பு உண்டு என்றே நான் நினைக்கிறேன். உத்தரப் பிரதேசத்தை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 1955-இல் அம்பேத்கர் வாதிட்டபோது, ஒரே மாநிலம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தால் ஒன்றியத்தில் அதன் கை ஓங்கிவிடும் என்பதை வெளிப்படையாகவே முன்வைத்தார். அது கொள்கை. அதே உத்தரப் பிரதேசத்தை நான்காகப் பிரிக்கக் கோரும் தீர்மானத்தை 2011 நவம்பரில், தேர்தலுக்குச் சில மாதங்களே இருக்கையில், மாயாவதி அரசு சட்டமன்றத்தில் நிறைவேற்றியது. அடுத்த ஆண்டு அவர் தோற்றார், தீர்மானமும் அவரோடு போயிற்று.

எல்லை மாறினால் கட்சிகளின் பலம் மாறும் என்பது கற்பனை அன்று என்பதற்கு 2000 நவம்பரே போதும். அந்த ஒரே மாதத்தில் சத்தீஸ்கர், உத்தராஞ்சல் (இன்றைய உத்தராகண்ட்), ஜார்க்கண்ட் என்று மூன்று மாநிலங்கள் பிறந்தன. மூன்றிலும் தனித் தேர்தல் நடத்தப்படவில்லை. பழைய மாநிலத்துக்கு என்று தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த உறுப்பினர்களே புதிய அவைகளில் அமர்த்தப்பட்டார்கள். பீகாரின் பாட்னாவில் ராப்ரி தேவியின் அரசுக்கு எதிர்வரிசையில் இருந்த பாஜக, அதிலிருந்து பிரிந்த ஜார்க்கண்டின் ராஞ்சியில் பாபுலால் மராண்டியின் தலைமையில் ஆளுங்கட்சி ஆயிற்று. ஜார்க்கண்ட் மாநிலக் கோரிக்கை ஆதிவாசி மக்கள் பல பத்தாண்டுகள் போராடி வளர்த்த கோரிக்கை. அதன் நியாயத்தை நான் ஐயப்படவில்லை. ஆனால் அந்த மாநிலத்தின் முதல் அரசைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு அந்த மக்களுக்கு அப்போது கொடுக்கப்படவில்லை என்பதும் உண்மை. வாய்ப்புக் கிடைத்தபோது மற்ற இரண்டு மாநில மக்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். உத்தராஞ்சலில் இடைக்கால ஆட்சியில் இருந்த பாஜக 2002-இல் காங்கிரஸிடம் தோற்றது. சத்தீஸ்கரில் அப்படி அமர்ந்த காங்கிரஸ் 2003-இல் பாஜகவிடம் தோற்றுப் பதினைந்து ஆண்டுகள் வெளியே நின்றது.

தெலங்கானா இதைவிடக் கடுமையான கணக்கு. 2014-இல் ஆந்திரத்தைப் பிரித்த காங்கிரஸ், பிரிந்த ஆந்திரத்தின் 175 தொகுதிகளில் ஒன்றைக்கூட வெல்லவில்லை. 2019-இலும் 2024-இலும் அதே நிலைதான். பெற்றுக் கொடுத்ததற்கான நன்றி கிடைக்கும் என்று எதிர்பார்த்த தெலங்கானாவில் 119-இல் 21 மட்டுமே கிடைத்தது. அங்கே ஆட்சியைப் பிடிக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எல்லை மாற்றத்தால் விளையும் அரசியல் மாற்றம் எல்லாமே சூழ்ச்சி என்றும் நான் சொல்லமாட்டேன். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தன; அன்றே மலபாரும் காசர்கோடும் கேரளத்தோடு இணைந்தன. கம்யூனிஸ்ட் கட்சி வலுவாக வேரூன்றியிருந்த மலபார் உள்ளே வந்ததும், அக்கட்சிக்குப் பெரிய செல்வாக்கில்லாத தென் தாலுகாக்கள் வெளியே போனதும், 1957-இல் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் ஆட்சியமைக்கக் கிடைத்த 126-க்கு 60 என்ற எண்ணிக்கைக்குப் பின்னால் இருந்த காரணங்களில் அடங்கும். ஆயினும் அந்தக் கோட்டை வரைந்தவர்கள் அதற்காக வரையவில்லை. கன்னியாகுமரிப் பக்கத்துத் தமிழர்கள் நேசமணியின் தலைமையில் ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளானார்கள். பசல் அலி, குன்ஸ்ரு, பணிக்கர் ஆகிய மூவரைக் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்களைப் பெற்று, ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை நேரில் கேட்ட பிறகே 1955-இல் அறிக்கை தந்தது. தேவிகுளமும் பீர்மேடும் நமக்குக் கிடைக்காத வருத்தம் இன்றும் உண்டு. ஆனால் கேட்டார்கள், விசாரித்தார்கள், காரணத்தை எழுதி வைத்தார்கள் என்பதை மறுக்க முடியாது. 2021-இல் எங்களை யார் கேட்டார்கள்?

எங்கள் வட்டாரத்துக்குக் குறையே இல்லை என்று சொல்லிப் பிரிவினைப் பேச்சை மறுப்பவர்களோடும் நான் ஒத்துப்போவதில்லை. நாங்கள் கட்டும் வரிக்கேற்ற கவனம் கிடைக்கவில்லை என்ற மனக்குறை இங்கே பரவலாக உண்டு, அதற்குக் காரணமும் உண்டு. அத்திக்கடவு-அவினாசித் திட்டத்துக்காக எங்கள் மக்கள் தலைமுறைகளாகக் காத்திருந்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்துக்கு 2019-இல் ஒரு கட்சியின் ஆட்சி அடிக்கல் நாட்டியது, 2024 ஆகஸ்டில் மற்றொரு கட்சியின் ஆட்சி திறந்து வைத்தது. மாநிலத்தைப் பிரிக்காமலேயே நடந்தது. நொய்யலில் சாயக்கழிவு கலந்து ஒரத்துப்பாளையம் அணை நீர் பயிருக்கு உதவாமல் போனபோது, கழிவை விட்டவர்களும் நிலத்தை இழந்தவர்களும் இதே கொங்குப் பகுதிக்காரர்கள்தாம். சென்னையோடு இருந்த வழக்கல்ல அது. இப்படிப்பட்ட சிக்கல்களுக்குத் தனி மாநிலம் என்ன மருந்து தரும் என்று எனக்கு யாரும் இதுவரை விளக்கவில்லை. மறுபுறம், மேட்டூர் அணை சேலம் மாவட்டத்தில் இருக்கிறது, அதன் நீரை நம்பியிருக்கும் டெல்டா கீழே இருக்கிறது. இன்று ஒரே அரசின் இரண்டு மாவட்டங்களுக்கு இடையிலான நீர்ப் பங்கீடாக இருப்பது, அந்த 61 தொகுதிக் கோட்டைப் போட்ட மறுநாள் இன்னொரு காவிரி வழக்காகும். தொகுதிகளைக் கூட்டுகிற தாளில் இதற்கும் பத்தி இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தாளில் எழுதப்படும் எண்களே நிலையானவை அல்ல. 2019 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் திமுக அணி தேனி ஒன்றைத் தவிர மற்ற 38 இடங்களையும் வென்றது. மேற்கு மாவட்டத் தொகுதிகள் அத்தனையும் அதில் அடக்கம். இரண்டே ஆண்டுகளில் கோவை மாவட்டத்தின் பத்துச் சட்டமன்றத் தொகுதிகளும் அதிமுக அணிக்குப் போயின. அதற்கு ஒன்பது மாதம் கழித்து, 2022 பிப்ரவரியில், கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் 96 திமுக அணிக்குக் கிடைத்தன. 2024-இல் மறுபடியும் மக்களவைத் தொகுதிகள் அத்தனையும் அந்த அணிக்கே. நான் பணியாற்றிய ஈரோடு மாவட்டத்தில் 2016-இல் எட்டுத் தொகுதிகளும் அதிமுகவுக்கு. 2021-இல் அவற்றில் மூன்று கைமாறின. ஒரே குடும்பம் டெல்லிக்கு ஒன்றும் கோட்டைக்கு ஒன்றும் உள்ளாட்சிக்கு ஒன்றுமாக வாக்களிப்பதை எங்கள் தெருவில் எல்லோரும் அறிவார்கள். இப்படி நிதானித்து மாற்றி மாற்றி வாக்களிக்கும் மக்களை ஒரு கட்சியின் நிரந்தரச் சொத்தாகக் கருதி எல்லைக்குள் அடைக்க நினைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. வாக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பப் பெறக்கூடியது. மாநில எல்லை அப்படியன்று.

இது எங்களோடு நிற்கும் விஷயமும் அன்று. மேற்கு வங்கத்தில் 2021-இல் பாஜக மொத்தத்தில் 294-க்கு 77 பெற்றுத் தோற்றது. வடக்கு வங்கத்தின் 54 தொகுதிகளிலோ 30 பெற்றது. அதற்கு அடுத்த மாதமே அக்கட்சியின் மக்களவை உறுப்பினர் ஒருவர் வடக்கு வங்கத்தை ஒன்றிய ஆட்சிப்பகுதியாக்கக் கோரினார். 2024 ஜூலையில் மால்டா, முர்ஷிதாபாத்தோடு பீகாரின் சில மாவட்டங்களையும் சேர்த்து ஒன்றிய ஆட்சிப்பகுதியாக்க வேண்டும் என்ற பேச்சு உங்கள் அவையிலேயே ஒலித்தது. வங்கச் சட்டமன்றம் 2024 ஆகஸ்டில், எதிர்க்கட்சியும் சேர்ந்து, மாநிலத்தைப் பிரிக்கும் முயற்சிக்கு எதிராக ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

அந்தத் தீர்மானத்துக்குச் சட்டத்தில் என்ன வலிமை என்று கேட்டால், ஏதுமில்லை. உங்களுக்கு இந்த மடலை எழுதக் காரணமே இதுதான். அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆம் உறுப்பின்படி நாடாளுமன்றம் எந்த மாநிலத்தையும் பிரிக்கலாம், சுருக்கலாம், பெயர் மாற்றலாம். மசோதாவைக் குடியரசுத் தலைவர் அந்த மாநிலச் சட்டமன்றத்துக்குக் கருத்துக் கேட்டு அனுப்ப வேண்டும். குறித்த காலத்துக்குள் கருத்து வந்தாலும் வராவிட்டாலும், வந்தது மறுப்பாகவே இருந்தாலும், மேற்கொண்டு செல்லத் தடையில்லை. 4-ஆம் உறுப்பு இதை அரசமைப்புத் திருத்தமாகக்கூடக் கருத வேண்டியதில்லை என்கிறது. ஆகவே மூன்றில் இரண்டு பங்கு தேவையில்லை, அன்றைக்கு அவைக்கு வந்து வாக்களிப்பவர்களில் சாதாரணப் பெரும்பான்மை போதும். 2014 ஜனவரி 30 அன்று ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. 2019 ஆகஸ்டில் ஜம்மு-காஷ்மீர் இரண்டு ஒன்றிய ஆட்சிப்பகுதிகளாக்கப்பட்டபோது கருத்துச் சொல்லச் சட்டமன்றமே இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்ததால் மாநிலத்தின் கருத்தையும் நாடாளுமன்றமே சொல்லிக்கொண்டது. கேட்டவரும் பதில் சொன்னவரும் ஒருவரே.

பிரிவினைச் சட்டத்தோடு தொகுதி மறுவரையறையும் ஒட்டிக்கொண்டு வரும் என்பதை ஜம்மு-காஷ்மீர் காட்டியது. நாடு முழுவதும் தொகுதி எண்ணிக்கை உறைந்து கிடக்கையில், அங்கு மட்டும் 2019 சட்டத்தின் பேரில் ஓர் ஆணையம் அமைந்தது. 2022 மே மாதம் அது தந்த இறுதி ஆணையில் ஜம்முவின் தொகுதிகள் 37-லிருந்து 43 ஆயின, காஷ்மீரின் தொகுதிகள் 46-லிருந்து 47 மட்டுமே ஆயின. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை அதிகம் காஷ்மீரில்தான். 2024 தேர்தலில் பாஜக வென்ற 29 இடங்களும் ஜம்முவில் இருந்தே வந்தன. தேசிய மாநாட்டுக் கட்சி 42 பெற்று ஆட்சியமைத்துவிட்டது என்பதால் அந்த ஆணையின் சாய்வு மறைந்துவிடாது. மறுவரையறையால் தமிழ்நாடு மக்களவை இடங்களை இழக்கும் என்று நீங்கள் எல்லோரும் உரத்துப் பேசுகிறீர்கள், பேச வேண்டியதுதான். அதே கவலை மாநில எல்லைக்கும் பொருந்தும் என்பதை மட்டும் நீங்கள் பேசி நான் கேட்கவில்லை.

எனவே உங்களிடம் கேட்பவை இவை. அரசமைப்புச் சட்டத்தின் 3-ஆம் உறுப்பைத் திருத்தி, ஒரு மாநிலத்தின் எல்லையைக் குறைக்கவோ அதைப் பிரிக்கவோ ஒன்றிய ஆட்சிப்பகுதியாக்கவோ அந்த மாநிலச் சட்டமன்றத்தின் ஒப்புதல் கட்டாயம் என்று ஆக்கும் தனிநபர் மசோதாவை உங்களில் யாரேனும் ஒருவர் கொண்டுவந்து, மற்றவர்கள் கட்சி பாராமல் ஆதரிக்க வேண்டும். தனிநபர் மசோதாக்கள் நிறைவேறுவது அரிது என்பது எனக்குத் தெரியும். விவாதமாவது அவைக் குறிப்பில் ஏறட்டும். குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருக்கும் மாநிலத்தின் எல்லையைத் தொடக்கூடாது என்ற விதியும் அதில் இடம்பெற வேண்டும். புதிய மாநிலம் எங்கு உருவானாலும் பழைய உறுப்பினர்களை அப்படியே அமர்த்தி அரசு அமைக்காமல், ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்றும், எல்லை மாற்றத்தோடு தொகுதி மறுவரையறையை ஒரே சட்டத்தில் கட்டக்கூடாது என்றும் நீங்கள் வற்புறுத்த வேண்டும்.

மேற்கு மாவட்டங்களிலிருந்து சென்றிருப்பவர்களிடம் தனியே ஒன்று கேட்கிறேன். 2026 தேர்தல் அறிக்கைகள் அச்சேறுவதற்கு முன், தமிழ்நாட்டைப் பிரிப்பது பற்றி உங்கள் கட்சியின் நிலைப்பாடு என்ன என்பதை எழுத்தில், காரணத்தோடு, வெளியிடச் செய்யுங்கள். பிரிக்க வேண்டும் என்பது ஒரு கட்சியின் கருத்தானால், எந்தெந்த மாவட்டங்கள், எந்த அடிப்படையில், மேட்டூர் அணைக்கும் பவானிசாகர் அணைக்கும் என்ன ஏற்பாடு என்று அதே அறிக்கையில் சொல்லட்டும். அதன் மேல் நாங்கள் வாக்களிக்கிறோம். வேண்டாம் என்பது கருத்தானால், அதையும் எழுத்திலேயே சொல்லட்டும். இரண்டையும் சொல்லாமல் வாக்குக் கேட்டு வருபவர்களிடம், எங்கள் வாசலில் வைத்தே இந்தக் கேள்வியைக் கேட்போம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.